கேளாமல் உயர்ந்த வரம்பு

கடன் அட்டை வைத்திருக்கும் ஒருவர் தமது கடன் வரம்பை உயர்த்துமாறு எவரிடமும் கேட்கவில்லை. வங்கி தானே முன்வந்து அதனை உயர்த்துகிறது. ரூ.50,000 ஆக இருந்த வரம்பு ரூ.1,50,000 ஆகிறது. ஓராண்டு கழிந்து நோக்குமிடத்து, உயர்ந்த வரம்பு முழுவதும் கடனாக நிற்கிறது, கட்டுவதற்கோ வழியில்லை. இக்கடனுக்குப் பொறுப்பாளர் யார்? கேளாமற் கொடுத்தவரா? கொடுத்ததைச் செலவிட்டவரா?

இது வணிகர்க்கும் வழக்கறிஞர்க்கும் மட்டுமே உரிய வினா என்று ஒதுக்குதல் கூடாது. நம் இல்லங்களிலேயே எழுந்துவிட்ட வினா இது. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், அவ்வூரார் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்து வருகின்றனர். அங்கும் மும்பையிலும் பிற நகரங்களிலும் உள்ள நம்மவர் பிள்ளைகளுள் பலர், வங்கிக் கணக்கில் மாதச் சம்பளம் பெறும் முதல் தலைமுறையினர். பாட்டனுக்கு வங்கியின் வாயிலும் தெரியாது. பேரனுக்கோ வங்கியே வீடு தேடி அட்டையை அனுப்புகிறது. நேற்றுவரை நம்மை நம்பிப் பத்து ரூபாய் தர மறுத்த உலகம் இன்று இலட்சத்தை நீட்டுகிறதே என்னும் மகிழ்ச்சி எவருக்கும் எழும். அது தவறன்று. ஆயினும் அந்த மகிழ்ச்சியின் ஊடேதான் கடனும் நுழைகிறது. ஆதலின் இவ்வினாவை நிதானமாக ஆராய்தல் நம் கடமையாகும்.

இதுபற்றி இரு சாரார் இருவகையாகக் கூறுவர். ஒரு சாரார், “அட்டையை நீட்டியது அவர் கை, பொருளை வீட்டுக்குக் கொண்டு சென்றதும் அவர் கை. வரம்பு உயர்ந்தது என்பதற்காகச் செலவிட வேண்டும் என்று எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பொறுப்பு முழுவதும் அவருடையதே” என்பர். மற்றொரு சாரார், “அவருடைய வருமானம் இன்னதென்று வங்கியார் அறிவர். அறிந்திருந்தும் அவர் கேளாதபோதே மும்மடங்கு உயர்த்தினர். தூண்டிலில் இரை கோத்தவனை விட்டுவிட்டு மீனைக் குற்றம் கூறலாமோ? கடன் வங்கியின் பிழையால் வந்தது, ஆகவே கட்ட வேண்டுவதில்லை” என்பர்.

இவ்விரு கூற்றும் தம்முள் பகைத்து நிற்பனபோலத் தோன்றினும், இரண்டிற்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. பொறுப்பு என்பது ஒரு மரக்கால் நெல்லைப் போன்றது, ஒருவர்க்கு முக்கால் பங்கு அளந்துவிட்டால் மற்றவர்க்குக் கால் பங்கே எஞ்சும் என்பதே அவ்வெண்ணம். வங்கியின்மேல் குற்றம் ஏற ஏறக் கடனாளியின் குற்றம் இறங்கும். கடனாளியின்மேல் ஏற ஏற வங்கியின் குற்றம் இறங்கும். நாம் இதனை ஏற்பதற்கில்லை.

வினை எனப்படுவது எண்ணமே என்று பகவர் போதித்தார். இதனைச் சேதனை என்னும் சொல்லால் நாம் அறிவோம். எண்ணம் பங்கிடக்கூடிய பொருளன்று. வங்கியார் வரம்பை உயர்த்தியபோது அவர்கள் உள்ளத்தில் இருந்த நோக்கம் முழுவதும் அவர்களுடையது. அட்டையை நீட்டியபோது வாங்கியவர் உள்ளத்தில் இருந்த நோக்கம் முழுவதும் அவருடையது. ஒருவர் நோக்கத்தில் குற்றம் கண்டதனால் மற்றவர் நோக்கம் தூய்மையாகிவிடாது. இருவரும் தத்தம் வினைக்கு முழுதும் உரியவர். ஆகவே யாருடைய பொறுப்பு என்று ஒருமையிற் கேட்பதை விடுத்து, எவர் எதற்குப் பொறுப்பு என்று கேட்பதே முறை.

முதலில் கொடுத்தவரை நோக்குவோம். வரம்பு என்னும் சொல்லே நமக்கு ஒரு செய்தி கூறுகிறது. வயலுக்கு வரம்பு கட்டுவது நீரைத் தேக்கிப் பயிரைக் காப்பதற்காக. கடனுக்கு வரம்பு கட்டுவதும் அவ்வாறே. கொடுத்தவர் முதலை இழவாமலும், வாங்கியவர் தம் சக்திக்கு மீறிப் போகாமலும் இருவரையும் காப்பதே அதன் வேலை. வாங்கியவரின் வருமானம் உயர்ந்ததா, அவருக்குத் தேவை உண்டா என்று கேளாமல் வரம்பை உயர்த்தும்போது, காக்கும் கரை அழைக்கும் வாயிலாக மாறிவிடுகிறது. அவ்வாறு மாற்றுவதில் வங்கிக்கு வரும் ஆதாயம் என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

நிலுவை ரூ.1,00,000 என்றும், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றும் கொள்வோம். நம் நாட்டுக் கடன் அட்டைகளில் இவ்வட்டி புதுமையானதன்று. ஆண்டிற்குக் கணக்கிட்டால் 42 சதவீதம். ஒரு மாத வட்டி ரூ.3,500. அவ்வட்டியின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி ரூ.630. இரண்டும் சேர்ந்து ரூ.4,130. வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்றால் ரூ.5,000. அதனைத் தவறாது கட்டிவிட்டு, கடமையை நிறைவேற்றினோம் என்று நிம்மதியாக உறங்கச் செல்பவரின் கடன் அம்மாதம் குறைந்தது ரூ.870 மட்டுமே. முழுத் தொகையையும் மாதந்தோறும் கட்டிவிடுபவரால் வங்கிக்கு வட்டி வருமானம் இல்லை. குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கடனிலேயே நிற்பவர்தாம் வட்டி தருபவர். கட்ட முடியாமலும் ஓடிப்போகாமலும் இருப்பவருடைய வரம்பு உயர்த்தப்படுமாயின், அவ்வுயர்வு எவர் நன்மையை நோக்கியது என்பதை வாசகர்களே உய்த்துணரலாம்.

பந்தியில் அமர்ந்தவரின் இலையில் அவர் கேளாதபோதே மேலும் மேலும் சோறு வைப்பவரை நாம் உபசாரி என்கிறோம். ஆனால் ஒவ்வொரு பிடிக்கும் விலை எழுதி வைத்துக்கொண்டு, பசியறிந்தும் பையறிந்தும் படைப்பவரை உபசாரி என்று சொல்ல முடியுமா? கேளாமற் கொடுத்தல் ஈகையாவது, திரும்பப் பெறாதவிடத்தில் மட்டுமே.

நம் நாட்டு விதிகளும் இதனை உணர்ந்தே எழுந்தன. வாடிக்கையாளரின் முன்னிசைவின்றித் தன்னிச்சையாகக் கடன் வரம்பை உயர்த்தலாகாது என்று ரிசர்வ் வங்கி 2005ஆம் ஆண்டு நவம்பரிலேயே அறிவுறுத்தியது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகளில் அவ்விசைவு வெளிப்படையானதாக இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்திற்று. கேளாத அட்டையை அனுப்பியோ, அட்டையை இசைவின்றி உயர்வகைக்கு மாற்றியோ கட்டணம் விதித்தால், அக்கட்டணத்தை உடனே திருப்புவதோடு, திருப்பிய தொகையின் இருமடங்கைத் தண்டமாகவும் தருதல் வேண்டும் என்றும் அதில் விதித்தது. ஆஸ்திரேலிய நாட்டிலோ, வரம்பை உயர்த்திக்கொள்ளுமாறு வாடிக்கையாளரை அவர் கேளாமல் அழைப்பதே 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் தடை செய்யப்பட்டது.

விதி இருக்கிறதே, இனிக் கவலை என்ன எனின், கவலை உண்டு. கேட்பது வேறு, இசைவது வேறு. கேட்பவன் தன் தேவையிலிருந்து தொடங்குகிறான். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று கணக்கிட்டபின் வங்கியை அணுகுகிறான். இசைபவனோ மற்றொருவரின் தேவையிலிருந்து தொடங்குகிறான். கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. நீங்கள் சிறப்புக்குரியவர், உங்களுக்கு வரம்பு உயர்வு காத்திருக்கிறது என்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தேவை எழுவதற்கு முன்னரே இசைவு பெறப்பட்டுவிடுகிறது. சட்டத்தின் கண்ணுக்கு அது வெளிப்படையான இசைவு. அறத்தின் கண்ணுக்கோ, விளைவை அறியாத இசைவு அரை இசைவே. விதி வங்கியின் கையைத் தடுக்கலாம்; நம் விரலைத் தடுக்கும் விதியை நாமே விதித்துக்கொள்ள வேண்டும்.

நிற்க. இனி வாங்கியவரை நோக்குவோம். வாங்கியவர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். மூன்று நிலைகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாமவர் ரூ.50,000 வரம்பிற்கு மட்டுமே இசைந்தவர். அவர் அறியாமலே வரம்பு உயர்த்தப்பட்டது. வங்கி அலுவலர் போலப் பேசிய ஒரு வஞ்சகனிடம் ஏமாந்து இரகசிய எண்ணைக் கூறிவிட்டார், ரூ.1,40,000 பறிபோயிற்று. வாடிக்கையாளர் தமது கவனக்குறைவால் இரகசிய எண்ணைப் பகிர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவரையே சாரும் என்பது ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு ஜூலையில் வகுத்த முறை. கவனக்குறைவு அவருடையது என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அக்கவனக்குறைவால் இழக்கக்கூடியது ரூ.50,000 என்றே அவர் எண்ணியிருந்தார். எஞ்சிய ரூ.90,000 பறிபோவதற்கான வழியை அமைத்தது அவருடைய எண்ணமன்று. கதவைத் திறந்து வைத்தது அவர் பிழை. அவருக்குச் சொல்லாமலே அவ்வீட்டில் பிறர் பொருளைக் கொண்டுவந்து குவித்தது வேறொருவர் செயல். அந்த ரூ.90,000 அவருடைய கடன் என்று கூற நம் மனச்சான்று இடந்தரவில்லை.

இரண்டாமவர் தாயின் அறுவை சிகிச்சைக்காகச் செலவிட்டவர். வரம்பு உயர்ந்திராவிட்டால் அன்றிரவு அவர் யாரிடம் ஓடியிருப்பார்? ஆகவே வரம்பு உயர்வு என்பதே தீது என்று கூறிவிட முடியாது. கேளாமற் கிடைத்தது ஓர் உயிரைக் காத்ததும் உண்டு. தீது உயர்வில் இல்லை, கேளாமையில் இருக்கிறது. இவர் கடன்பட்டவர்தாம், ஆனால் இக்கடனில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாமவர் அண்டை வீட்டாரை விடப் பெரிய தொலைக்காட்சியையும், தவணையில் விலையுயர்ந்த கைப்பேசியையும், திருமணத்தில் ஆடம்பரப் பந்தலையும் அட்டையால் வாங்கியவர். இவரும் கடன்பட்டவரே. இவர் வங்கியை நோவதற்குமுன் தம் உள்ளத்தையும் நோக்குதல் வேண்டும். பகவர் காமவிருப்பத்தைக் கடனுக்கு ஒப்பிட்டதும், அதனினின்று விடுபட்டவனைக் கடன் தீர்ந்தவனுக்கு ஒப்பிட்டதும் இங்கே நினைக்கத்தக்கன. ஆயினும் இவருடைய ஆசை வங்கியின் குற்றத்தைக் கழுவிவிடாது. ஆசையுள்ளவன் என்று அறிந்தே கொடுப்பவன், ஆசையைத் தன் முதலாகக் கொண்டு வணிகம் செய்பவன்.

ஆகவே, முதலாமவர் நிலையை விலக்கிப் பார்த்தால், இரண்டாமவரும் மூன்றாமவரும் தாம் பெற்ற பொருளின் விலையைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். பெற்றதை மறுத்தல் கொடாததைக் கொள்வதற்கு ஒப்பாகும். இரண்டாம் சீலத்தை ஏற்ற நமக்கு அது தகாது. துறவு பூணுவதற்குங்கூடக் கடனிலிருந்து தப்பும் வழியாகப் பகவர் இடந்தரவில்லை. உபசம்பதை பெற வருபவனிடம் அவன் கடனற்றவனா என்று கேட்கும் வழக்கம் விநயத்தில் இருக்கிறது. சீவர ஆடைக்கே அடைக்கலம் தரும் உரிமை இல்லையெனின், வங்கியின் பிழை என்னும் சொல்லுக்கு அவ்வுரிமை எங்ஙனம் வரும்? நம் நாட்டு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், இலவசமாகச் செய்யும் கருத்தின்றி ஒருவர் முறைப்படி செய்ததன் பயனைத் துய்த்தவர் அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்றே 70ஆம் பிரிவில் கூறுகிறது.

ஆனால் பெற்ற பொருள் என்பது முதல். வட்டி பெற்ற பொருள் அன்று. கொடுத்தவரின் பொறுப்பு தோன்ற வேண்டிய இடம் இதுவே. கேளாமல் உயர்த்திய வரம்பின்மேல் 42 சதவீத வட்டி கேட்பதற்கு வங்கிக்கு எந்த அற உரிமையும் இல்லை என்பது நம் துணிபு. தமது முடிவால் நேர்ந்த இடருக்குத் தாமும் ஒன்றை இழத்தல் நீதி. அவர்கள் இழக்கத்தக்கது வட்டியும் தண்டக் கட்டணமுமே. வாங்கியவர் முதலைத் திருப்புக; கொடுத்தவர் வட்டியைக் கைவிடுக. இங்ஙனம் இருவர் பொறுப்பும் முழுமையாக நிற்கும். ஒன்று மற்றொன்றைத் தின்னாது.

சட்டம் இதுவரை செல்லவில்லை என்பதையும் கூறிவிடுதல் வேண்டும். கடன் அட்டைக்கு ஆண்டிற்கு 30 சதவீதத்திற்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. எனவே நாம் கூறுவது நீதிமன்றத்தில் வெல்லும் வாதம் என்று எவரும் கருதிவிட வேண்டா. ஆயினும் சட்டம் தடுக்காதது எல்லாம் அறமாகிவிடுவதில்லை என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

கடன் எவ்வாறு பிறந்தது என்பதைப் பொருட்படுத்தாமல், கடன் கடனே என்று சொல்லிச் சொல்லியே நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டனர். அப்பன் வாங்கியதாகச் சொல்லப்பட்ட சிறு தொகைக்கு மகன் ஆண்டையின் வயலில் உழைத்தான். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அவ்வுழைப்பாளிகளை விடுவித்ததோடு நில்லாமல், அக்கடன்களையே செல்லாதனவாக்கிற்று. கடனைப் பிறப்பித்த முறை தீதெனின் கடனே தன் வலிமையை இழக்கும் என்னும் கொள்கையை நம் நாட்டுச் சட்டமே அன்று ஏற்றது. அட்டைக் கடன் கொத்தடிமையன்று. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். ஆனால் எவ்வாறு பிறந்தது என்று கேட்கும் உரிமை அன்றும் நமதாயிருந்தது, இன்றும் நமதே.

இவ்வுரிமையை நம்மவர் பயன்படுத்தாமைக்குக் காரணம் யாது? வெட்கம். கடன் உலகத்தில் துன்பமாவதைப் பகவர் படிப்படியாகக் காட்டினார்: வறுமை, கடன், வட்டி, கடன் கொடுத்தவன் கேட்டு நெருக்குதல், பின்தொடர்தல், சிறை என்று அது வளரும். இன்றைய கடனாளிக்கு அப்படிகளுள் இடையில் மற்றொன்றும் உண்டு, அது மௌனம். மனைவிக்குச் சொல்வதில்லை, தந்தைக்குச் சொல்வதில்லை, ஓர் அட்டையின் கடனை மற்றோர் அட்டையால் அடைக்கிறார். முகவரின் தொலைபேசி மணி ஒலிக்குந்தோறும் வீட்டைவிட்டு வெளியே செல்கிறார். பொறுப்பு முழுவதும் தம்முடையதே என்னும் முதற்சாராரின் கூற்றை அவர் தம் நெஞ்சில் ஏற்றிக்கொண்டதன் விளைவு இது. அவ்விருளில் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிபவரும் உளர். வங்கிக்கு உரிய பழியையும் தம் தலையில் சுமப்பது பொறுப்புணர்ச்சி ஆகாது, அது பொய்க்காட்சி. தமக்குரியதைத் தமதென்றும், தமக்குரியதல்லாததைத் தமதன்றென்றும் காண்பதே நற்காட்சி.

ஆகவே, கடன் சுழலில் சிக்கியுள்ள அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. முதலில் வீட்டாரிடம் சொல்லுங்கள். நிலுவையில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியே எழுதித் தருமாறு வங்கியைக் கேளுங்கள். வரம்பை உயர்த்த நீங்கள் எப்போது, எவ்வாறு இசைந்தீர்கள் என்பதற்குச் சான்று கேளுங்கள். சான்று இல்லையெனில் எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் மறுமொழி வராவிட்டாலோ, வந்தது நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைத்தலாகாது என்று 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. முகவர் அதனை மீறினால் நாளும் நேரமும் குறித்து வையுங்கள். கட்டக்கூடிய தொகையை, கட்டக்கூடிய தவணையில், வட்டியைத் தள்ளி முதலுக்கு வரவு வைக்குமாறு கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை; கேளாமற் கொடுத்தவர் முன் கேட்பதற்கு நாணுவானேன்?

இன்னும் சிக்காதவர்களுக்கு ஒரு சொல். கேளாமல் வரும் உயர்வை மறுத்துவிடுங்கள்; முன்னரே உயர்ந்திருந்தால் குறைக்கச் சொல்லி எழுதுங்கள். உங்கள் மதிப்பு வங்கி குறித்த எண்ணில் இல்லை. இல்லறத்தார்க்குரிய நால்வகை இன்பங்களை அநாதபிண்டிகருக்குக் கூறிய பகவர், பொருள் உடைமை, அதனைத் துய்த்தல், பழியின்மை என்பவற்றோடு கடனின்மையையும் ஓர் இன்பமாக எண்ணினார். பெருஞ்செல்வரான அவரிடமே அதனைக் கூறினார் என்பது கருதத்தக்கது. செல்வர்க்கே அது தனியோர் இன்பமாயின், மாதச் சம்பளத்தில் வாழும் நமக்கு அது எத்துணைப் பெரிய உடைமை! அதனை எவர் கேளாமல் கொடுத்தாலும் பெற முடியாது. நாமே காத்துக்கொள்ள வேண்டும்.